தேதி போடாமல் ஒட்டிய முகம்

ஸ்டிக்கரின் பின்தாளை உரிக்கும் சத்தம். சர்ரென்று தொடங்கி, நடுவில் ஒரு மூச்சு தயங்கி, மறுபடி சர்ரென்று ஓடி முடியும். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே புதிதாகத் திறக்கவிருக்கும் பல் மருத்துவமனையின் கண்ணாடிக் கதவில் உங்களில் இரண்டு பேர் ஊசித்துளை போட்ட ஒன்வே விஷன் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தீர்கள். நான் ரோட்டின் இந்தப் பக்கம் காய்கறிப் பையோடு நின்றேன். பஸ்கள் உறுமுகின்றன, கண்டக்டர்கள் ‘அறந்தாங்கி, அறந்தாங்கி’ என்று தொண்டை கிழியக் கத்துகிறார்கள். அத்தனை இரைச்சலையும் விலக்கிக்கொண்டு அந்த ஒரு சத்தம் மட்டும் என்னிடம் வந்து சேர்ந்தது. பையைப் பிடித்திருந்த கை தானாக மடங்கியது, தேய்க்கிற அட்டையைப் பிடிப்பதுபோல. தோள்பட்டையில் பழைய வலி எழுந்து உட்கார்ந்தது.

உங்களில் ஒருவர் என்னை அடையாளம் கண்டு ஓடி வந்தீர்கள். “அண்ணே, தொழில விட்டுட்டாலும் எங்களுக்கு நாலு வார்த்த எழுதிக் குடுங்கண்ணே. புதுப் புள்ளைக நெறைய வந்துருக்கு. குரூப்புல போடுவோம்.”

சரி என்று தலையாட்டிவிட்டேன். வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் நாலு வார்த்தை வரவில்லை. ஒரே ஒரு முகம்தான் வந்தது.

லேமினேஷன் போடுவது எப்படி, காற்றுக் கொப்புளம் வராமல் தேய்ப்பது எப்படி என்பதையெல்லாம் என்னிடம் எதிர்பார்க்காதீர்கள். அதை மெஷின் சொல்லிக்கொடுக்கும். பாழாய்ப்போன ஷீட்டுகள் சொல்லிக்கொடுக்கும். ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன், அதையும் நான் விராலிமலையில் ஒரு ஹோட்டல் கண்ணாடியில்தான் கற்றேன். மேலே லேமினேஷன் வேண்டாம், படம் சும்மாவே பளபளவென்றுதான் இருக்கிறது என்று முதலாளி அடம்பிடித்தார். ஹைவே ஓரத்துக் கடை. லாரி கிளப்பிய புழுதி, அதன்மேல் மழை, மறுபடி புழுதி. ஸ்டிக்கரில் இருந்த ஊசித்துளைகள் ஒவ்வொன்றாக அடைபட்டன. வெளியே நின்று பார்த்தால் பரோட்டாவும் சால்னாவும் அப்படியே ஆவி பறக்க இருந்தன. உள்ளே கல்லாவில் உட்கார்ந்திருந்த மனிதருக்கு ரோடும் இல்லை, வானமும் இல்லை. “கெணத்துக்குள்ள ஒக்காந்த மாதிரி இருக்குப்பா” என்றார். அன்றைக்குப் புரிந்தது. லேமினேஷனைப் படத்துக்குச் செய்கிற சேவை என்று நினைத்திருந்தேன். அது உள்ளே இருப்பவரின் கண்ணுக்கு நாம் செய்கிற சேவை.

இந்த ஸ்டிக்கரே அப்படிப்பட்ட ஜாதி. வெளியே நிற்பவருக்குப் படம். உள்ளே இருப்பவருக்குப் படமே கிடையாது. துளைகள் வழியே வெளியுலகம் மட்டும். ஒரு வேனின் பின்கண்ணாடியில் மகனின் முகத்தை ஒட்டினால், பின்னால் வருகிற ஊரெல்லாம் அந்த முகத்தைப் பார்க்கும். வண்டி ஓட்டுகிற தகப்பன் மட்டும் பார்க்க முடியாது. மேலே உள்ள சின்னக் கண்ணாடியில் கண்ணைத் திருப்பினால், மகனின் நெற்றி வழியாகவும் கன்னம் வழியாகவும் தார் ரோடு பின்னால் ஓடிப்போவதுதான் தெரியும்.

நான் சொல்ல வந்தது அப்படிப்பட்ட ஒரு வேனைப் பற்றித்தான்.

கட்டுமாவடியிலிருந்து வந்த வேன். பின் சீட்டைக் கழற்றிவிட்டு மீன் பெட்டிகள் அடுக்கியிருக்கும். எவ்வளவு கழுவினாலும் போகாத ஐஸ் தண்ணீர் வாடை. அதை ஓட்டிவந்தவர் மீன் வியாபாரி. கரையில் ஏலம் எடுத்து அறந்தாங்கி, புதுக்கோட்டை, விராலிமலை வரைக்கும் கடை கடையாகப் போடுகிறவர். அவர் பெயரைச் சொல்ல வேண்டாம். நான் அவரை அண்ணே என்றுதான் கூப்பிட்டேன், அவர் மனைவியை அக்கா என்று. அவர்களுடைய ஒரே மகன் கார்த்தி கடலுக்குப் போனவன். வாடைக்காற்று தூக்கிய ஒரு விடியலில் படகு கவிழ்ந்தது. கூடப் போனவர்களை வேறொரு படகு ஏற்றிவந்தது. அவனை யாரும் ஏற்றிவரவில்லை. உடம்பும் ஒதுங்கவில்லை.

அவன் காணாமல்போன கொஞ்ச நாளிலேயே முதல் தடவை எங்கள் ஸ்டிக்கர் கடைக்கு வந்தார்கள். அப்போது அக்காதான் பேசினார். அண்ணன் கீழே பார்த்துக்கொண்டு நின்றார்.

“பெருசா போடுங்க தம்பி. பின்னால வாரவன் கண்ணு அவன் மேல விழுகணும். வண்டி பூராப் பக்கமும் போகுது. எங்கிட்டாவது ஒருத்தன் பாத்திருப்பான். அக்கரையில ஒதுங்கி, பேச்சு தெரியாத எடத்துல கெடந்து, எப்புடியோ இங்கிட்டு வந்து சேந்துருந்தா? யாராவது பாத்து, ஏ இந்தப் பயல நான் கண்டேனேன்னு சொல்லுவாகள்ல?”

கறுப்புக் கண்ணாடியும் கழுத்தில் துண்டுமாக, படகின் முனையில் உட்கார்ந்து சிரிக்கிற படம் கொடுத்தார்கள். கீழே ‘கார்த்தி’ என்ற பெயர். காணவில்லை என்றுகூடப் போட விடவில்லை அக்கா. “காணாமப் போனான்னு போட்டா காணாமயே போயிருவான்” என்றார். ஒட்டிக்கொடுத்தேன். அந்த முகம் மாவட்டம் முழுக்கச் சுற்றியது. மீன் வாங்க வருகிறவர்கள் பார்த்தார்கள், பின்னால் வந்த டவுன் பஸ்ஸின் டிரைவர் பார்த்தார், டோல்கேட்டில் பார்த்தார்கள். ஒருவரும் கண்டேன் என்று சொல்லவில்லை.

வெயிலுக்கு ஒரு குணம் உண்டு, நீங்களும் பார்த்திருப்பீர்கள். மஞ்சளையும் சிவப்பையும் முதலில் தின்றுவிடும். நீலத்தைக் கடைசியில் மிச்சம் வைக்கும். இரண்டாவது தடவை அந்த வேன் எங்கள் கடை வாசலில் வந்து நின்றபோது கார்த்தி முழுக்க நீலமாகியிருந்தான். உதடு நீலம், கழுத்துத் துண்டு நீலம். லேமினேஷன் ஓரங்களில் பழுத்து, சுருண்டு, பாதித் துளைகளில் அழுக்கு ஏறியிருந்தது. தண்ணீருக்குள்ளிருந்து பார்க்கிற முகம்போல.

அக்கா முன் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். அண்ணன் மட்டும் உள்ளே வந்தார். கம்ப்யூட்டர் பக்கத்து ஸ்டூலை இழுத்துப் போட்டு, வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலை இறக்கினார்.

“தம்பி, அதே போட்டோதான். மால வேணாம். மால போட்டா அவ தாங்க மாட்டா. கீழ மட்டும் ஒரு பட்டை போட்டு, வெளக்கு ஒண்ணு வச்சு, தேதியப் போட்டுருங்க.”

எங்கள் கடையில் டிசைன் பார்த்தவர் சித்ரா. வேகமான கை. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அவருக்கு ஒரே வேகம். நமக்கெல்லாம் அப்படித்தானே பழகிவிடுகிறது? டீக்கடையில் சர்க்கரை போடவா என்று கேட்பதுபோல, நாம் கேட்கிறோம்: “தோற்றம் சொல்லுங்க. மறைவு சொல்லுங்க.” சித்ராவும் திரையைப் பார்த்தபடியே கேட்டார்.

பிறந்த தேதி உடனே வந்தது. அடுத்ததற்கு அண்ணனிடமிருந்து சத்தமே இல்லை. சித்ரா விரல்களை கீபோர்டின் மேல் வைத்துக்கொண்டே காத்திருந்தார். பிறகு திரும்பிப் பார்த்தார். திரும்பிப் பார்த்ததும் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

தம்பிகளே, தங்கச்சிகளே, இதை மட்டும் செய்யுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்கும்போது திரையைப் பார்க்காதீர்கள். ஆளைப் பாருங்கள். சில பேருக்கு அந்தத் தேதி இருக்காது.

“கடலுக்குப் போன நாளப் போடுங்க” என்றார் கடைசியில். தை மாதத்து நாள் ஒன்று. சித்ரா அடித்தார். என்ன தோன்றியதோ, அண்ணனே காரணத்தையும் சொன்னார். “மகளுக்கு ஒரு எடம் வந்துருக்கு தம்பி. மாப்பிள்ள வீட்ல நல்ல மனுசங்கதான். ஆனா, ஒங்க வீட்ல ஒரு காரியம் முடியாம நிக்கிது, அத முடிச்சுட்டு வாங்க, நாங்க காத்திருக்கோம்ங்கிறாக. தப்பு சொல்ல முடியல. நாள் குறிக்காம கருமாதி எப்புடிச் செய்யிறது? செத்த நாள்னு ஒண்ணு வேணும்ல? முதல்ல கண்ணாடியில ஏறட்டும். ஊரு பாத்துரும். வண்டியில ஒக்காந்துருக்காளே, அவளும் பாத்துப் பாத்து…”

அவர் யோசித்தது எனக்குப் புரிந்தது. வாயால் சொல்ல முடியாததை வண்டியால் சொல்லிவிடலாம் என்று நினைத்தார். எங்கள் பக்கத்தில் இது ஒன்றும் புதிதில்லையே. யார் வீட்டில் என்ன நடந்தது என்பதை ஃபிளெக்ஸைப் பார்த்தும் பின்கண்ணாடியைப் பார்த்தும்தான் தெரிந்துகொள்கிறோம். தேதி ஏறிவிட்டால் ஆள் போய்விட்டார் என்று அர்த்தம். அதற்கப்புறம் யாரும் அவரைத் தேட மாட்டார்கள்.

பிரிண்ட் வந்தது. மை காய்ந்ததும் லேமினேஷன் மெஷினில் விட்டேன். இரண்டு உருளைகளுக்கு நடுவே முதலில் முடி போயிற்று, பிறகு கறுப்புக் கண்ணாடி, சிரிப்பு, கடைசியில் விளக்கும் தேதியும். அந்தப் பக்கம் வந்தபோது எல்லாவற்றின் மேலும் ஒரு மினுமினுப்பு. புதுச் சிவப்பு உதடு. அவன் இன்னும் கொஞ்சம் இளையவனாகியிருந்தான்.

வாசலில் தகரக் கூரை நிழலில் வேனைப் பின்பக்கமாக நிறுத்தச் சொல்லி, பழையதை எடுக்க ஆரம்பித்தேன். ஹீட் கன்னால் சூடுகாட்டி ஒரு மூலையைத் தூக்கினால் முழுசாக வர வேண்டும். இது வரவில்லை. வெயில் குடித்த ஸ்டிக்கர் அப்பளம் மாதிரி ஒடியும். நகத்தளவு, உள்ளங்கையளவு என்று துண்டு துண்டாக வந்தது. சத்தம் கேட்டு அக்கா இறங்கி வந்தார். நின்று பார்த்தார். நீல நீலமாகக் கீழே விழுந்து கிடந்தவற்றுக்கு நடுவில் நான் ஒரு எட்டு வைத்தேன்.

“தம்பி, காலப் பாத்து” என்றார்.

காலைத் தூக்கினேன். செருப்புக்கு அடியில் ஒரு காது.

அதற்குப் பிறகு அங்கே நிற்க முடியாமல் அவர் பின்பக்கக் குழாயடிக்கு முகம் கழுவப் போனார். அண்ணன் என்னைப் பார்த்து அவசரமாக, “இப்ப ஒட்டிருங்க, அவ வாரதுக்குள்ள” என்றார்.

இங்கேதான் என்னை நிறுத்திக் கேட்க வேண்டும் நீங்கள். ஏன் ஒத்துக்கொண்டீர்கள் என்று. அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. வேலை கையில் இருக்கும்போது கை மட்டும்தான் யோசிக்கும். கண்ணாடியை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். ஷீட்டை மேல்விளிம்பில் டேப் போட்டுத் தொங்கவிட்டேன். பின்தாளைக் கொஞ்சம் உரித்து முடியை ஒட்டினேன், நெற்றியை ஒட்டினேன். இந்த ஸ்டிக்கருக்குத் தண்ணீர் தெளித்து ஒட்டுகிற வழி கிடையாது, தெரியும்தானே? துளைக்குள் தண்ணீர் நின்றுவிடும். அதனால் போட்டது போட்டதுதான். நகர்த்த முடியாது. நிறுத்தவும் முடியாது. பாதியில் விட்டால் பசைமேல் ரோட்டுத் தூசி எல்லாம் வந்து உட்கார்ந்துவிடும்.

கறுப்புக் கண்ணாடிவரை ஒட்டி முடித்திருந்தேன். அக்கா வந்துவிட்டார். முகத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மகனின் புது நிறத்தைப் பார்த்து, சத்தியமாகச் சொல்கிறேன், சிரித்தார். “ஏய், கருவாப்பயல செவப்பாக்கிட்டாகடா” என்றார் அவனிடம். பிறகு கண் கீழே இறங்கியது. இன்னும் ஒட்டாமல் ஆடிக்கொண்டிருந்த பட்டையில் விளக்கு எரிந்தது.

“இது எதுக்கு வெளக்கு?”

அண்ணன் வேனின் கைப்பிடியைத் துண்டால் துடைத்தார்.

“ஏங்க, ஒங்களத்தான். வெளக்கு எதுக்குங்கிறேன்.”

அண்ணன் வேனின் மறுபக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். “எத்தன நாளைக்குத்தான்டி. மகளப் பாரு. அவளுக்கு ஒரு வழி பண்ண வேணாமா?”

“தேதி போட்டுருக்கீக. என்ன தேதி அது?”

“போன நாளு.”

“போன நாள்ல எப்புடிச் செத்தான்? மறுநா விடிய எனக்குப் போன் பண்ணுனானே! காத்து தூக்குதும்மா, வலைய இழுத்துட்டு வந்துர்றோம்னானே. செத்தவனா போன் பண்ணுனான்?”

“சரி, அப்ப மறுநாளப் போடச் சொல்றேன்.”

“மறுநா நீங்க பாத்தீகளா? பாத்தவுக யாரு? கூடப் போனவன்கூட, அலையில தலையப் பாத்தேன், அப்பறம் பாக்கலன்னுதான் சொன்னான். செத்தான்னு சொன்னானா?”

“அடியே… தேடுறத நிறுத்துனாகள்ல, அந்த நாளு இருக்கட்டும். ஊரே கூடி நிறுத்துன நாளு.”

“நிறுத்துனது நீங்க” என்றார் அக்கா. “நான் நிறுத்தல.”

அதைச் சொல்லிவிட்டு வேனுக்குக் கிட்டே வந்து, கண்ணாடியின் கீழ்ப்பாகத்தில் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டார். நான் அப்போதுதான் துடைத்த இடம். ஈரக்கை. கண்ணாடியில் ஈரம் படர்ந்தது. “ஒட்டுங்க தம்பி பாப்போம்” என்றார். சண்டைக்கு வருகிற குரல் இல்லை. அந்தக் கையை நான் மீற மாட்டேன் என்று தெரிந்த குரல்.

“ஒட்டுங்க தம்பி” என்றார் அண்ணனும். அவர் குரலில் அழுகை வந்துவிட்டது. “ஒரு புள்ளைய கடல்ல குடுத்தேன். இன்னொண்ண வீட்டுக்குள்ளயே வச்சுக் கொல்லச் சொல்றீங்களா? ஒட்டுங்க.”

ஒரு கையில் ஷீட், ஒரு கையில் அட்டை. மதியக் காற்று ஷீட்டைத் தூக்கித் தூக்கிப் பார்த்தது. அச்சடிக்கச் சொன்னவர் ஒருவர், தினமும் அந்த வண்டியில் போய்வருகிறவர் இன்னொருவர். நமக்கு யார் வாடிக்கையாளர்? இந்தத் தொழிலில் இதற்கு யாரும் விதி எழுதிவைக்கவில்லை. ஒட்டினால் ஒரு தாயின் கண்ணெதிரே அவள் மகனைக் கொல்ல வேண்டும். ஒட்டாவிட்டால், நான் பார்த்தே இராத ஒரு பெண் அந்த வீட்டில் உட்கார்ந்து காத்திருக்கிறாள். அவளுக்கு யார் பேசுவது? நல்ல வழி என்று ஒன்று அந்த வாசலில் இருந்திருந்தால் நான் கண்டுபிடித்திருப்பேன் என்று நினைத்துக்கொள்கிறேன். இல்லை. ஒன்றும் இல்லை அங்கே. வெயிலும் ஐஸ் வாடையும் மூன்று மனிதர்களும்தான் இருந்தார்கள்.

பிளேடை எடுத்தேன். அவனுடைய கழுத்துத் துண்டுக்குக் கீழே, பெயரும் தேதியும் இருந்த பட்டையை ஒரே இழுப்பில் அறுத்தேன். பெயரும் அதோடு போயிற்று. அது தனியாகக் கையில் வந்து துவண்டது. கசக்கிக் குப்பையில் போட்டேன். மிச்ச முகத்தைத் தேய்த்து முடித்தேன். அக்கா கையை எடுக்கவே இல்லை. அந்தக் கையின் மேல்பக்கம் வரைக்கும்தான் ஸ்டிக்கர் வந்து நின்றது.

அண்ணன் வெகுநேரம் கண்ணாடியைப் பார்த்தார். “நீங்களும் அவ பக்கமா தம்பி?”

“பக்கம் இல்லண்ணே. தேதி உறுதியாத் தெரியாம நான் எப்புடி ஒட்டுறது?”

“உறுதியா” என்று திருப்பிச் சொன்னார். அந்தச் சொல்லைக் காறித் துப்புவதுபோல. வண்டியை எடுத்தார். கீழே வெறும் கண்ணாடியும் மேலே பெயரில்லாத ஒரு சிரிப்புமாக வேன் ரவுண்டானாவைச் சுற்றி மறைந்தது.

அந்த வருஷம் அந்த இடம் தட்டிப்போனதாகக் கேள்விப்பட்டேன். மாப்பிள்ளை வீட்டார் நல்லவர்கள்தான், காத்திருந்தார்கள். காத்திருப்பதற்கும் ஓர் அளவு உண்டல்லவா? மீன் கடைக்காரர் ஒருவர் சொன்னார். நான் ஸ்டிக்கர் ரோல்களை அடுக்கிக்கொண்டே கேட்டேன், கேட்டுவிட்டு மறுபடி அடுக்கினேன். நான் அறுத்த ஒரு பட்டையால் ஒரு கல்யாணம் நின்றது என்று சொல்ல மாட்டேன், அத்தனை பெரிய ஆள் இல்லை நான். ஆனால் இரவில் கண்ணை மூடினால் அந்த ஈரக்கை தெரியும். அதன் பின்னால், துளைகள் வழியே பார்ப்பதுபோல மங்கலாக, முகம் தெரியாத ஒரு பெண் தெரிவாள். இருவரில் ஒருவரைக்கூட நான் காப்பாற்றவில்லை. நம் தொழிலில் யாரையும் காப்பாற்ற முடியாது, தம்பிகளே. சொன்னதை ஒட்டலாம், இல்லாவிட்டால் ஒட்டாமல் விடலாம். அவ்வளவுதான் நம் அதிகாரம். அது அதிகம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மூன்றாவது தடவை அவர்கள் வந்தது காலை நேரம். கடை ஷட்டரை அப்போதுதான் ஏற்றியிருந்தோம். இந்த முறை அக்கா முன்னால் வந்தார், அண்ணன் பின்னால். அக்கா இளைத்திருந்தார். ஸ்டூலைக் காட்டினேன். உட்காரவில்லை.

“அந்தக் கீழ்ப்பட்டை ஒண்ணு வேணும் தம்பி.”

நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் வேறெங்கோ பார்த்தார்.

“பேரப் போட்டு, வெளக்குப் போட்டு…” என்றார் அக்கா. “தேதியோட.”

சித்ரா இந்தத் தடவை திரையைப் பார்க்கவில்லை. எழுந்து வந்து அக்காவின் பக்கத்தில் நின்றுகொண்டார். கேட்கவும் இல்லை. கேட்காமலே அக்கா சொன்னார்.

“இன்னைக்கு என்ன தேதிம்மா?”

சித்ரா சொன்னார்.

“அதையே போட்டுரு.”

“அது எப்புடிடி?” அண்ணன் பதறிவிட்டார். “பாக்குறவன் என்ன நெனப்பான்? ஊரு சிரிக்காதா? அவன் போயி எத்தன காலம் ஆச்சுன்னு ஊருக்கே தெரியுமே.”

“ஊரா பெத்துச்சு?” என்றார் அக்கா. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

சித்ரா என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். அவர் போய் அடித்தார். ஒவ்வொரு எழுத்தாக, புதிதாகத் தட்டச்சுப் பழகுகிறவர்போல.

லேமினேஷன் மெஷின் சுற்றிக்கொண்டிருந்தபோது அண்ணன் என் அருகில் வந்து நின்றார். முந்தைய கோபம் எதுவும் அவரிடம் மிச்சமில்லை. எதுவுமே மிச்சமில்லை என்றுதான் சொல்ல வேண்டும். உருளையையே பார்த்தபடி சொன்னார். “மக இவகிட்ட ஒரு வார்த்த கேட்டுப்புட்டா தம்பி. சண்ட கூட போடல. நானும் இங்கதானம்மா இருக்கேன், என்னய ஒரு நாளாவது தேடுனியான்னா. அவ்வளவுதான். அதுலருந்து இவ பேசவே இல்ல.”

“நல்ல எடம் வரும்ணே” என்றேன். வேறென்ன சொல்வது?

“வந்தா என்ன, வராட்டி என்ன” என்றார். “வீட்ல இப்ப யாருமே இல்லாத மாதிரி இருக்கு.”

ஒட்டிய ஸ்டிக்கருக்குக் கீழே இன்னொரு துண்டை ஒட்டுவது லேசான வேலை இல்லை. ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் துளைமேல் துளை உட்காராது, உள்ளிருந்து பார்க்கும்போது அந்த இடம் கறுப்புக் கோடாக அடைபட்டுவிடும். ஏறாமல், விலகாமல், முடியளவு இடைவெளி விட்டுச் சேர்க்க வேண்டும். இரண்டு தடவை வைத்துப் பார்த்து, மூன்றாவது தடவைதான் பின்தாளை உரித்தேன். மேலே இருந்த முகம் இதற்குள் லேசாக வெளுத்துவிட்டிருந்தது. கீழே புதுப்பட்டையின் விளக்கு மட்டும் பளிச்சென்று மஞ்சளாக எரிந்தது. இரண்டும் ஒரே மனிதனுடையது என்று பார்த்தால் தெரியாது. வெயில் வந்து சமன் செய்யும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெயில் செய்கிற ஒரே நல்ல காரியம்.

அக்கா அருகில் நின்று முழுவதையும் பார்த்தார். இந்தத் தடவை கையை வைக்கவில்லை. முந்தானைக்குள் இரண்டு கையையும் சுருட்டி வைத்திருந்தார். நான் ஓரத்தைத் தேய்த்து முடித்ததும், அந்த எண்களை ஒருமுறை வாய்க்குள் படித்தார். சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறவர்போல.

பிறகு போய் முன் சீட்டில் ஏறிக்கொண்டார். அண்ணன் சாவியைத் திருகினார். இன்ஜின் ஒரு தடவை இருமி நின்றது.

தேதியைப் பற்றி மேற்கொண்டு கேட்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் அதைத்தான் சொல்வேன்: கேட்காதீர்கள், கொடுத்ததை ஒட்டுங்கள். ஆனால் அன்று நான் ஜன்னல் பக்கம் போனேன். கதவின் மேல் கைவைத்து, “போயிட்டு வாங்கக்கா” என்றுதான் சொல்ல நினைத்தேன். வாயில் வேறு வந்தது.

“இன்னைக்குத் தேதி ஏன்க்கா?”

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. எதிரே முன்கண்ணாடியில் தெரிந்த ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

“நேத்து ராத்திரி வரைக்கும் அவனுக்குத் தட்டுல சோறு எடுத்து வச்சேன் தம்பி. இன்னைக்குக் காலைல வைக்கல.”